எடை 1 கிராம்தானாம், பிறகு ஃபிலே ஏன் துள்ளியது?

மாலதி:
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். 2014 நவம்பர் 12 அன்று 67பி வால்வெள்ளியில் ஐரோப்பிய விண்வெளி முகமை இறக்கிய ஃபிலே கலத்தைப் பற்றி இருவரும் படித்துக்கொண்டிருந்தோம். பூமியில் 100 கிலோ கலம், அங்கே 1 கிராம் அளவுக்குத்தான் எடை. தரையைத் தொட்ட வேகமும் நொடிக்கு 1 மீட்டர்தான். "காகிதத் துண்டு மாதிரி விழுந்து கிடக்க வேண்டியதுதானே, ஏன் எழும்பிப் போனது?" என்கிறாள். விடை எனக்கும் தெரியவில்லை.

இழுவைப்படகு:
காகிதத்தை மறக்கச் சொல்லுங்கள், அம்மா. நான் துறைமுகத்தில் இழுவைப் படகில் 26 ஆண்டுகள் இருந்தவன். மிதக்கும் பார்ஜை, அதாவது தட்டையான சரக்குப் படகை, ஓர் ஆள் காலால் உதைத்து நகர்த்திவிடலாம். எடையே இல்லாதது போல் போகும். அதே பார்ஜ் மெல்ல வந்து சுவரில் அணையும்போது நடுவில் கையை விட்டால் தெரியும். என் வலது மோதிர விரலின் நுனி அப்படித்தான் போயிற்று. அன்று அது நடை வேகத்தில்கூட வரவில்லை. எடையைத் தண்ணீர் சுமந்தது. நிறையை யாரும் குறைக்கவில்லை.

ஃபிலேவுக்கும் அதே கணக்குத்தான். 100 கிலோ நிறை, நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 50 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இங்கே தரை வாங்குகிற அடி. கால்களிலிருந்த அமைப்பு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மிச்சமிருந்தது நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகம். இங்கே அந்த வேகத்தில் எழும்பினால் ஒரு சென்டிமீட்டர்கூட உயர முடியாது. அங்கே கீழே இழுக்க ஆளில்லை, ஆகவே 1 மணி 50 நிமிடம் மேலேயே இருந்தது. சற்று வேகம் கூடியிருந்தால் திரும்பியே வந்திருக்காது.

கப்பல் கரைச்சுவரில் தொங்கும் டயரில் மோதியவுடன் வடம் போட்டு இறுக்க வேண்டும். தாமதித்தால் டயரே திருப்பித் தள்ளிவிடும். ஃபிலேவின் வடம் இரண்டு ஈட்டிகள்: தொட்ட கணம் தரையில் பாய்ந்து, கயிற்றைச் சுருட்டிக் கலத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியவை. இரண்டுமே பாயவில்லை. வால்வெள்ளியில் 'தரையிறக்கம்' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்தான் குழப்புகிறது. எங்கள் பாஷையில் அது கப்பல் கட்டுகிற வேலை.

அன்று இரவு நானும் நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய நேரம் 9:33க்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருக்கிற கட்டுப்பாட்டு மையத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். சமிக்ஞை 51 கோடி கிலோமீட்டர் கடந்து வர 28 நிமிடம். அவர்கள் கைதட்டிய நேரத்தில் கலம் அரை மணியாக மேலே போய்க்கொண்டிருந்தது!

வான்மதி:
ஒன்று விட்டுப்போயிற்று. கலத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்க மேலே ஒரு வாயு உந்தி இருந்தது. அது வேலை செய்யாது என்பது, ஃபிலேவைச் சுமந்துபோன தாய்க்கலமான ரோசெட்டாவிலிருந்து பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் விட்டார்கள். கால்களில் இருந்த திருகுகளும் பிடிக்கவில்லை.

இழுவைப்படகு:
சரிதான், உந்தியை மறந்துவிட்டேன். பத்தாண்டு பயணம் செய்து வந்தபின் திருப்பி எடுத்துப்போகவா முடியும்? நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

மாலதி:
பார்ஜ் உதாரணம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. உங்கள் விரலுக்காக வருத்தப்பட்டாள். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: கடைசியில் அது எங்கே போய் நின்றது?

வான்மதி:
ஒரு பாறை இடுக்கில், சாய்ந்த நிலையில். 12.4 மணி நேரச் சுழற்சியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வெயில். மின்கலம் இரண்டரை நாள் தாங்கியது. அதற்குள் படமெடுத்து, வாயுக்களை முகர்ந்து, கரிமச் சேர்மங்களைக் கண்டு, தரையில் ஆணி அடித்துப் பார்த்தது. தரை கடினமாக இருந்ததால் ஆணி சரியாக இறங்கவில்லை. 2015 ஜூனில் விழித்துப் பேசியது, ஜூலை 9க்குப் பின் பேச்சில்லை. 2016 செப்டம்பர் 2 அன்று, ரோசெட்டாவின் பணி முடிய நான்கு வாரம் இருக்கும்போது, 2.7 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அகப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், நடுவில் அது இன்னோர் இடத்திலும் உரசி, பனியில் 25 சென்டிமீட்டர் பள்ளம் பதித்திருக்கிறது. அந்தத் தடத்தைக் கண்டுபிடித்து 2020இல் அறிவித்தார்கள். அங்கே பனி காபி நுரையைவிட மென்மை.

இழுவைப்படகு:
நுரையா? அப்படியானால் ஈட்டி பாய்ந்திருந்தாலும் பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. சேற்றில் நங்கூரம் போட்டவனைக் கேளுங்கள்.