நயாகராவும் டொராண்டோவும்: ஐந்து நாள்களை எவ்வாறு பிரிப்பது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு, வரும் அக்டோபரில் ஐந்து நாள் பயணமாக நானும் என் மனைவியும் டொராண்டோ நகரையும் நயாகரா அருவியையும் காண எண்ணியுள்ளோம். அருவியை ஒரே பகலில் பார்த்துத் திரும்பிவிடலாமா?

பதில் (புதுச்சேரி):
டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவுதான் என்பதால் திரும்பிவிடலாம். ஆயினும் ஓர் இரவு அங்கே தங்குங்கள் என்றே வற்புறுத்துவேன். இருட்டிய பின் அருவியின் மீது வண்ண ஒளி பாய்ச்சுவார்கள். குதிரைலாட வடிவிலான பெரிய அருவி, கனடாக் கரையிலிருந்து பார்க்கும்போதுதான் நேரெதிரே முழுமையாக விரிகிறது. அருவியின் அருகே செல்லும் படகில் தந்த சிவப்பு மழைச்சட்டையை அணிந்திருந்தும் நாங்கள் தொப்பலாக நனைந்தோம்; என் மனைவி மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். குளிர்காலத்தில் படகு ஓடாது. அக்டோபர் நல்ல தேர்வு.

பதில் (நெல்லிக்குப்பம்):
பாலத்தைக் கடந்து அமெரிக்கப் பக்கமும் செல்வதாயின், கனடா விசா மட்டும் போதாது, அமெரிக்க விசாவும் தனியே வேண்டும். டொராண்டோவில் 553 மீட்டர் உயரமுள்ள சி.என். கோபுரத்துக்கு வானம் தெளிந்த நாளில் செல்லுங்கள். அந்நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் உணவகங்கள் பல உள்ளன; இடியாப்பமும் சொதியும் தவறவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அருவிக்கரையில் ஓர் இரவு தங்குவதென்று இருவரும் முடிவுசெய்துவிட்டோம்.