புதுப்பிப்பு: ஊலோங் இனத்து வெள்ளைத் தேயிலை, பிழை தண்ணீரில்தான்

மச்சாள் தைவானில் இருந்து கொண்டுவந்த புது வெள்ளைத் தேயிலை (ஊலோங் எனும் பாதி புளிக்கவைத்த தேயிலைக்குப் பேர்போன செடி இனத்தில் செய்தது), கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஊற்றினால் ஏன் மங்கலாக, மேலே ஏடு படிந்து, வாசமே இல்லாமல் வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

முதலில் சூட்டைக் குறைத்தேன். கசப்பு போனது, ஏடு போகவில்லை. இலையைக் கூட்டியும் பயனில்லை. அப்புறம் முள்ளியவளை அக்கா சொன்னபடி கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, பிடித்து வைத்த மழைத் தண்ணீரை வடித்துக் கொதிக்க வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, 150 மில்லிலீட்டருக்கு 4 கிராம் இலை போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்தேன். அதுதான் விடை! எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தில் அடியெல்லாம் வெள்ளையாகப் படியும், அதை நான் யோசிக்கவே இல்லை. மழைத் தண்ணீரில் தெளிந்த இள மஞ்சள், வெட்டிய வெள்ளரிக்காய் மணம், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு.

எதிர்பாராதது ஒன்று. இது ஜின் சுவான் என்ற தேயிலைச் செடி இனம், 1981இல் தைவானில் வெளியிட்டது, ஊலோங்காகச் செய்தால் பால் மணத்துக்குப் பேர்போனது. அந்த மணத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. வெள்ளைத் தேயிலையை உருட்டாமல், வறுக்காமல் வாடவிட்டு உலர்த்துவதோடு சரி, அதனால் இது வேறு சுவை. இலை உருட்டுப்படாததால் சாறு மெதுவாகத்தான் இறங்குகிறது போல, எனக்கு அதே இலையில் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றியதுதான் மிக நன்றாக இருந்தது, ஆகவே முதல் முறை ஊற்றியதோடு இலையைக் கொட்டிவிடாதீர்கள். சீனி, பனங்கட்டி எதுவும் வேண்டாம்.