'ரீகாஸ்ட்' என்பதற்கு என் பரிந்துரை: வேடக் கைமாற்றம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைப் படங்களுக்கான நம் சொற்பட்டியலில் 'ரீகாஸ்ட்' என்ற வரி, அதாவது ஒருவர் நடித்த வேடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது, இன்னும் தமிழ்ச் சொல்லால் நிரப்பப்படாமல் கிடக்கிறது. மறுவார்ப்பு, ஆள்மாற்றம், பாத்திர மாற்றம், பதில் நடிகர், மாற்று நடிகர் தேர்வு என்று பல சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றையும் படித்தேன், எதிலும் மனம் நிலைக்கவில்லை. சொல்லைத் தேடுவதற்கு முன், எந்தச் செயலுக்குப் பெயர் வைக்கப்போகிறோம் என்பதை ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துவிடுவது நல்லது.

நான் எடுத்துக்கொள்வது 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் சாவிக். 1982இல் நிக்கோலஸ் மேயர் இயக்கத்தில் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தின் முதல் காட்சியிலேயே தளபதி நாற்காலியில் அமர்ந்திருப்பவர் இந்த இளம் அதிகாரிதான். ஆபத்தில் சிக்கிய ஒரு கப்பலிலிருந்து உதவிக் குரல் வருகிறது. எல்லை தாண்டினால் போர் மூளும் என்று தெரிந்தும் கப்பலைச் செலுத்தச் சொல்கிறார். சுற்றிலும் எல்லாம் வெடித்து விழுகிறது. பிறகுதான் அது பயிற்சித் தேர்வு என்று நமக்குத் தெரிகிறது. நடித்தவர் கர்ஸ்டி ஆலி. அவருக்கு அது முதல் திரைப்படம். உணர்ச்சியை அடக்கி வாழும் வல்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தின் மரபில் வளர்ந்தவர் என்றாலும் அவருடைய சாவிக்கிடம் அடியில் ஒரு சூடு இருந்தது. படத்தின் முடிவில் இறந்துபோகும் வல்கன் அதிகாரி ஸ்பாக்கின் இறுதிச் சடங்கில் சாவிக்கின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த படம் 1984இல் லெனார்ட் நிமாய் இயக்கத்தில் வந்தது. கதை முந்தைய படம் முடிந்த இடத்திலிருந்தே தொடர்கிறது. ஆலியோடு நடந்த ஊதியப் பேச்சு கூடிவரவில்லை. சாவிக்காக ராபின் கர்ட்டிஸ் வந்தார். பெயர் அதே, பதவி அதே, முந்தைய படத்தில் நடந்தவை எல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. படத்துக்குள் யாரும் அவர் முகத்தைப் பார்த்து வியப்படைவதில்லை. ஆனால் நடிப்பின் தன்மை வேறு. கர்ட்டிஸின் சாவிக் அசைவு குறைந்தவர், குரல் ஏறாதவர். ஜெனிசிஸ் கோளில், மறுபிறவி எடுத்து வேகமாக வளரும் இளம் ஸ்பாக் உடற்கொதிப்பில் தவிக்கும்போது, அவர் இரண்டு விரல்களை மட்டும் நீட்டி அவன் விரல்களை மெல்ல வருடிச் சொல்லிக்கொடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. உரையாடல் மிகக் குறைவு. அந்தக் காட்சியை ஆலி செய்திருந்தால் வேறொன்றாகியிருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். என் மனம் ஆலியின் பக்கம்தான். ஆனாலும் அந்த விரல் காட்சிக்காகக் கர்ட்டிஸை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

இங்கே மாறியது எது, மாறாதது எது? வேடம் மாறவில்லை. அதைத் தாங்கியவர் மாறினார். நமக்கு வேண்டிய சொல் இதைத் தலைகீழாகச் சொல்லிவிடக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துத்தான் முன்மொழிவுகளைப் பார்க்கிறேன்.

> மறுவார்ப்பு — நேரான மொழிபெயர்ப்பு, சுருக்கமானது

வார்ப்பு என்றால் தமிழில் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது. வார்ப்பிரும்பு, வார்ப்புச் சிலை என்று தலைமுறைகளாக ஊன்றிய சொல். ஆங்கிலத்தில் பட்டறைக்கும் படப்பிடிப்புக்கும் 'காஸ்ட்' என்ற ஒரே சொல் அமைந்தது அந்த மொழியின் வரலாறு; அந்த வரலாற்றை நாம் சுமக்க வேண்டியதில்லை. 'காஸ்டிங்' என்பதற்கு 'நடிகர் தேர்வு' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் மறுவடிவத்தை மட்டும் வார்ப்படச் சாலைக்கு அனுப்புவது முறையல்ல.

> ஆள்மாற்றம் — எளிய தமிழ்

எளியதுதான். ஆனால் பக்கத்திலேயே 'ஆள்மாறாட்டம்' நிற்கிறது. தேர்வில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதிப் பிடிபட்ட செய்தியில் வரும் சொல் அது. ராபின் கர்ட்டிஸ் யாரையும் ஏமாற்றவில்லை; ஒப்பந்தம் போட்டு, தன் பெயரைத் திரையில் போட்டு நடித்தவர். சொல்லின் சாயலால்கூட அவர் மீது அந்தக் குற்றம் விழக் கூடாது.

'பாத்திர மாற்றம்' என்றால் கதைமாந்தரின் குணமே மாறிவிட்டது என்று பொருள்படும். விமர்சனத்தில் அந்தப் பொருளுக்கே அது தேவைப்படும். அதை விட்டுவிடுவோம்.

'பதில் நடிகர்' எனக்கு மிகவும் பிடித்த முன்மொழிவு. தொலைக்காட்சித் தொடர்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மக்கள் தாமாகவே ஏற்றுக்கொண்ட வழக்கு அது. ஆயினும் இலங்கைத் தமிழில் பதில் அமைச்சர், பதில் நீதிவான் என்றால் அந்தப் பதவியை இடைக்காலத்துக்கு மட்டும் பார்ப்பவர் என்று பொருள். பட்டியலைப் பயன்படுத்தப்போகிறவர்களில் இலங்கை நண்பர்களும் இருக்கிறார்கள். ஆலி திரும்பி வரும்வரை கர்ட்டிஸ் இருக்கையைக் காத்தார் என்று அவர்கள் படித்துக்கொள்ள நேரும். அது உண்மையல்ல, 1986இல் வந்த நான்காம் படத்திலும் சாவிக் அவர்தான்.

'மாற்று நடிகர் தேர்வு' பிழையில்லாதது. ஆனால் அது தேர்வு நடக்கும் அறையோடு நின்றுவிடுகிறது. படம் பார்க்கும் நாம் பேசுவது அந்தத் தேர்வுக்குப் பிறகு திரையில் நேர்வதைப் பற்றி.

நான் முன்வைப்பது 'வேடக் கைமாற்றம்'. ஆட்சி கைமாறியது, நிலம் கைமாறியது, கடை கைமாறியது என்கிறோம். பொருள் அப்படியே இருக்கிறது, உடையவர் வேறாகிறார். சாவிக் வேடம் ஆலியிடமிருந்து கர்ட்டிஸுக்குக் கைமாறியது. இந்த வாக்கியத்தை எந்தப் பத்திரிகையில் போட்டாலும் விளக்கக் குறிப்பு தேவைப்படாது. வினையாகவும் வளைந்துகொடுக்கும்: வேடம் கைமாறியது, தயாரிப்பாளர்கள் வேடத்தைக் கைமாற்றினார்கள். முன்னவரை 'வேடம் விட்டவர்' என்றும் பின்னவரை 'வேடம் ஏற்றவர்' என்றும் சொல்லலாம். 'ஏற்று நடித்தார்' என்பது ஏற்கனவே நம் வழக்கு. பாத்திரம் என்று வைக்காமல் வேடம் என்று வைத்ததற்குக் காரணம், 'பாத்திரம் கைமாறியது' என்றால் சமையலறை நினைவு வருவதுதான்.

நண்பர் ஒருவர் தனிமடலில், கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சிறு கடன் அல்லவா என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. கடனுக்கு வழங்குவது 'கைமாற்று'. நான் சொல்வது 'கைமாற்றம்'. கைமாற்றாக வாங்கினேன் என்பதையும் நிலம் கைமாற்றம் ஆயிற்று என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. செய்ந்நன்றிக்கான 'கைம்மாறு' இன்னும் தள்ளி நிற்கிறது. இந்த அளவு நெருக்கத்தைத் தமிழ் தாங்கும்.

இந்தச் சொல்லின் எல்லையையும் நாம் தெளிவாக வரைய வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு செயல்களை ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். நாமும் அதையே செய்ய வேண்டிய கட்டாயமில்லை. 'மேட்ரிக்ஸ்' தொடர் ஒன்றே இதைக் காட்டப் போதும். ஸீ என்ற வேடத்துக்குப் பாடகி ஆலியா ஒப்பந்தமாகிச் சில காட்சிகளிலும் நடித்திருந்தார். 2001 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த வேடத்தை நோனா கே செய்தார். திரையில் நாம் பார்த்த ஸீ ஒருவர்தான். இதை 'நடிகர் மாற்றம்' என்று மட்டும் சொல்வோம். ஆரக்கிள் என்ற வேடத்தின் கதை வேறு. முதல் படத்திலும் இரண்டாவதிலும் குளோரியா ஃபாஸ்டரைப் பார்த்துப் பழகிவிட்டோம். அடுக்களையில் பிஸ்கட் வாட்டிக்கொண்டு, சிகரெட் புகைத்துக்கொண்டு, வருங்காலம் சொல்லும் அந்த அம்மாள் 2001 செப்டம்பரில் காலமானார். 2003 நவம்பரில் மூன்றாம் படத்தில் அதே அடுக்களையில் மேரி ஆலிஸ் இருந்தார். ஒரு வேடம், இரண்டு முகம், இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம். இதுதான் வேடக் கைமாற்றம்.

மேட்ரிக்ஸ் இன்னொரு படி மேலே போகிறது. ஆரக்கிள் மனிதப் பெண் அல்ல, ஒரு கணினி நிரல். எடுத்த முடிவுக்கு விலையாகத் தன் பழைய உடற்கூட்டை இழந்துவிட்டாள் என்று கதையே காரணம் சொல்கிறது. இழப்பை மூடி மறைக்காமல் கதைக்குள் மரியாதையோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்கு மட்டுமே இந்த வசதி உண்டு. குடும்பப் படத்தில் மருமகள் உடற்கூட்டை மாற்றிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. ஆகவே 'கதைவழிக் கைமாற்றம்' என்று ஓர் உட்பிரிவும் வேண்டும் என்கிறேன். சாவிக்குடையது அப்படியல்ல. கதை எதுவும் சொல்லவில்லை.

'பேக் டு த ஃபியூச்சர்' படத்தின் ஜெனிஃபர் வேடத்தில் இரண்டு வகையும் நடந்திருக்கின்றன. முதலில் ஒப்பந்தமான மெலோரா ஹார்டின் படப்பிடிப்புக் காலத்திலேயே விலக்கப்பட்டார், கிளாடியா வெல்ஸ் நடித்தார்: நடிகர் மாற்றம். 1989இல் இரண்டாம் பாகத்தில், தாயாரின் புற்றுநோய் காரணமாக வெல்ஸ் வர இயலாததால் எலிசபெத் ஷூ வந்தார்: வேடக் கைமாற்றம். முதல் படத்தின் கடைசிக் காட்சியை ஷூவை வைத்துத் திரும்பப் படமாக்கி அதையே இரண்டாம் பாகத்தின் தொடக்கமாக வைத்தார்கள். அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கைமாற்றத்தைச் செய்துகாட்டும் பாடம்போல இருக்கும்.

மூன்றாவது செயல், கதையையே புதிதாகத் தொடங்குவது. 'ஸ்டார் ட்ரெக்' கதையின் உஹூராவாக நிக்கெல் நிக்கல்ஸ் இருந்த இடத்தில் 2009இல் ஸோயி சல்டான்யா வந்தது அந்த வகை. 'மறுதொடக்கம்' என்ற சொல் ஏற்கனவே பட்டியலில் இருக்கிறது, அது போதும்.

கைமாற்றாமல் விட்டதும் ஒரு முடிவு என்பதைச் சாவிக்கை வைத்தே சொல்லலாம். 1991இல் மேயர் மீண்டும் இயக்கிய ஆறாம் படத்தில், சதியில் பங்கேற்கும் வல்கன் பெண்ணின் இடம் முதலில் சாவிக்குக்காகவே எண்ணப்பட்டது. வேடத்தை மூன்றாவது நடிகையிடம் கொடுக்காமல், வலேரிஸ் என்று புதிதாக ஒருவரைப் படைத்துக் கிம் கேட்ரலை நடிக்க வைத்தார்கள். ஸ்பாக்குக்குத் துரோகம் செய்பவர் சாவிக்காக இருந்திருந்தால் அடி இன்னும் ஆழமாக விழுந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் குறிப்பு இது:

வேடக் கைமாற்றம்: ஒரே கதைத் தொடர்ச்சியில், பார்வையாளர் ஏற்கனவே திரையில் கண்ட ஒரு வேடத்தை வேறொரு நடிகர் ஏற்பது. வினை: கைமாறு, கைமாற்று. உட்பிரிவு: கதைவழிக் கைமாற்றம்.

ஒரே ஓர் இடத்தில் உங்கள் கருத்து வேண்டும். 'ஆன்ட்மேன்' படங்களில் நாயகனின் மகள் காஸி லாங்காக முதல் இரண்டு படங்களில் சிறுமி ஆபி ரைடர் ஃபோர்ட்சன் நடித்தார். 2019இல் 'எண்ட்கேம்' படத்தில் கதைக்குள் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் எம்மா ஃபுர்மன் வந்தார். இது வயதுக்கேற்ற நடிகர் என்றே நினைக்கிறேன், கைமாற்றம் அல்ல. 2023இல் கேத்ரின் நியூட்டன் வந்தது ஐயமில்லாமல் கைமாற்றம். முதல் வகையையும் குறிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் 'வயது வேறுபாட்டால் நேர்வது நீங்கலாக' என்று ஒரு தொடரைச் சேர்த்துப் பட்டியலை அனுப்பிவிடுகிறேன்.