ஆல்பர்ட் டாக் கிடங்கின் குறுக்குவெட்டு வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. லிவர்பூலில் மெர்சி ஆற்றங்கரையில் உள்ள ஆல்பர்ட் டாக் என்ற பழைய கப்பல்துறையின் கிடங்குகளை அட்டையில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்து 1846-இல் திறக்கப்பட்டவை. தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகக் கட்டமைப்பில் மரத்தையே தவிர்த்து வார்ப்பிரும்பு, செங்கல், கல் என்று கட்டியிருக்கிறார்கள். பருத்தியும் பிராந்தியும் வைத்திருந்த இடம், பயம் நியாயம்தான்.

வெளிப்புறம் ஓரளவு முடிந்தது. தண்ணீரை ஒட்டி வரிசையாக நிற்கும் குண்டு குண்டான வார்ப்பிரும்புத் தூண்களுக்குக் காகிதக் குழல் சரியாகப் பொருந்துகிறது. நடுநடுவே தூண்வரிசை நின்று அகலமான நீள்வட்ட வளைவு வரும். அழகுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பாரந்தூக்கியின் கை திரும்ப இடம் வேண்டுமே, அதற்காம்! 1848-இல் நீர் அழுத்தத்தில் இயங்கும் தூக்கிகளும் வந்துவிட்டன.

சிக்கல் உள்ளே. இரும்பு உத்தரங்களுக்கு இடையே செங்கல் வளைவுகள் கட்டி, அதன்மேல் தளம் போட்டிருக்கிறார்கள். அந்த வளைவுகள் பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்திருக்கும் இரும்புக் கம்பிகள் உத்தரத்தில் எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன? புகைப்படங்களில் தளம் மறைத்துவிடுகிறது. இரண்டு தடவை ஒட்டிப் பிய்த்தாயிற்று.

அளவுகளுடன் குறுக்குவெட்டு வரைபடம் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், கூரையின் இரும்புத் தகடுகள் இணையும் இடத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கையால் கிறுக்கிக் காட்டினாலும் போதும்.