புதுப்பிப்பு: ஹாலோவீன் வேஷம் ரெடி

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் அக்டோபர் 31-க்குள், வேலைக்கு நடுவே, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஹாலோவீன் வேஷம் செய்ய முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேனே, முடிந்துவிட்டது.

பெரியவளுக்கு வௌவால். உடைந்த கறுப்புக் குடையின் கம்பிகளை உருவிவிட்டுத் துணியை இரண்டாக வெட்டி, ஹூடியின் கைகளுக்கு அடியில் தைத்தேன். வளைந்த ஓரம் குடையிலேயே இருப்பதால் அப்படியே இறக்கை! குடைத்துணி நைலானாக இருந்தால் சூட்டுப் பசை வேண்டாம், சூட்டில் துணி கெட்டுப்போகலாம். நேரமில்லையா, ஊக்கு குத்துங்கள்.

சின்னவனுக்கு டயப்பர் பெட்டி, அலுமினியத் தாள், பாட்டில் மூடி: ரோபோ. கைத்துளை பெரிதாக இருக்கட்டும். டொராண்டோ குளிருக்கு உள்ளே ஜாக்கெட் போட்டாக வேண்டும். முதுகில் ஒளிரும் டேப்பும் ஒட்டியாயிற்று.

அப்புறம், வீட்டுக்காரர் லுங்கியோடுதான் வாசலில் மிட்டாய் கொடுப்பாராம். அவருக்குத் தனி வேஷம் எதற்கு?