புதிதாக பைக் ஓட்டுகிறேன்: இடது மணிக்கட்டு வலிக்கிறது, வலது விரல்கள் மரத்துப் போகின்றன

துவாஸ்_தம்பி
வணக்கம். சிங்கப்பூரில் கிளாஸ் 2பி (200 சிசி வரையுள்ள பைக்) லைசென்ஸ் கிடைத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, புதியவர் என்று காட்டும் பி தகடோடுதான் ஓட்டுகிறேன். வீடு ஈசூன், வேலை துவாஸ். காலையில் எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ விரைவுச்சாலைகள் வழியாகப் போய் பிஐஇ விரைவுச்சாலையில் ஏறுவேன். வண்டி 150 சிசி ஸ்போர்ட்ஸ் ரகம், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. ஹேண்டில் தாழ்வாக இருக்கும்.

வேலையிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இடது மணிக்கட்டும் கட்டைவிரலின் அடிப்பக்கமும் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. வலது கையில் விரல்கள் மரத்துப் போகின்றன. பயிற்சி நிலையத்தில் ஓட்டியபோது இப்படி இருந்ததில்லை. ஜெல் வைத்த கையுறை வாங்கலாமா, கைப்பிடியில் மாட்டும் ஸ்பாஞ்ச் போதுமா? வார இறுதியில் ஜோகூர் போய்வரவும் ஆசை. இந்தக் கையோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் கிளட்ச் பிடித்து நிற்கப் பயமாக இருக்கிறது.

பழைய_ரைடர்
தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். வலது கையில் எந்த விரல்கள் மரத்துப் போகின்றன? இரவில் தூங்கும்போதும் அப்படி ஆகிறதா? கிளட்ச் லீவர் வண்டியோடு வந்ததா, பிறகு மாற்றியதா?

துவாஸ்_தம்பி
கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இரவில் தொந்தரவு கிடையாது. வண்டியை நிறுத்திக் கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். லீவர் முன்பு வைத்திருந்தவர் மாட்டியது. சிவப்பு நிறம், குட்டையாக இருக்கும்.

காக்கிபுக்கிட்_மெக்கானிக்
அந்தக் குட்டை லீவரில்தான் உங்கள் இடது கை வலியில் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். லீவர் நீளமாக இருந்து அதன் நுனிப்பக்கம் பிடித்து இழுத்தால் சுலபமாக வரும். குட்டை லீவரில் விரல்கள் லீவர் சுழலும் ஆணிக்குப் பக்கத்தில் விழும், அதே கிளட்ச்சுக்குக் கூடுதல் பலம் போட வேண்டும். ரேஸ் வண்டிக்கு அது சரி. காலை நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டிக்கு வேண்டாம். வண்டியோடு வரும் கம்பெனி லீவரையே திரும்ப மாட்டுங்கள்.

மாட்டும்போது லீவரின் சாய்வையும் பாருங்கள். வழக்கம்போல் உட்கார்ந்து, கையைக் கைப்பிடி மேல் வைத்து, விரல்களை நேராக நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருந்து, விரல்கள் லீவர் மேல் தானாக உட்கார வேண்டும். உங்களுடையது போன்ற தாழ்வான ஹேண்டிலில் லீவர் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அது தரைக்கு இணையாக இருந்தால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மணிக்கட்டு மேலே மடங்கும். கட்டைவிரல் அடியில் வலி அப்படித்தான் வரும். லீவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, லீவரைத் திருப்பி, மறுபடி முறுக்கினால் முடிந்தது.

அப்புறம் கேபிள். இன்ஜினை அணைத்துவிட்டு மெதுவாக லீவரை இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று வந்தால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது உள்ளே இழை பிரிந்திருக்கிறது. எண்ணெய் விட்டும் இலகுவாகவில்லை என்றால் புதிது போடுங்கள், பெரிய செலவில்லை. லீவர் நுனியில் கேபிள் இழுபடும் முன் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று அசைவு இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். அதற்குப் பிறகும் கிளட்ச் கல்லாக இருந்தால் உள்ளே கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கிறார்களா என்று திறந்து பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் அப்படி நிறைய பார்த்திருக்கிறேன்.

பழைய_ரைடர்
லீவர் பற்றி அண்ணன் சொன்னது சரி. உட்காரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். உடம்பின் பாரத்தைக் கை தாங்கக் கூடாது. முழங்கால்கள் இரண்டும் டேங்க்கைக் கவ்வ வேண்டும், வயிற்றிலும் முதுகிலும் பிடிமானம் இருக்க வேண்டும், முழங்கை மடங்கி இருக்க வேண்டும். ஓடும்போதே சோதித்துப் பார்க்கலாம்: கைப்பிடியை விடாமல் முழங்கைகளை மட்டும் கோழிச் சிறகு மாதிரி லேசாக ஆட்டுங்கள். ஆட வரவில்லை என்றால் கை பூட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஹேண்டில் மேல் சாய்ந்திருக்கிறீர்கள்.

புதியவர்களுக்கு இது நடப்பது பயத்தால்தான். கேஜேஇயில் இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் யாருக்கும் பிடி இறுகும். மழையில் கையுறை நனைந்தால் இன்னும் இறுகும். லாரியைத் தாண்டியதும் தோளைக் கீழே இறக்கி, பிடியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். அதைப் பழக்கமாக்க வேண்டும். பயிற்சி நிலையத்து வண்டியில் ஹேண்டில் உயரம், ஓட்டும் நேரமும் குறைவு. அதனால்தான் அங்கே வலி தெரியவில்லை.

வலது கைக்கு: ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, அப்படியே நெடுநேரம் நிற்கிறது. வேகம் நிலைத்த பிறகு பிடியை ஒரு கணம் தளர்த்தி, கையைச் சற்று முன்னே உருட்டிப் பிடியுங்கள். முழங்கையும் புறங்கையும் நேர்கோட்டுக்கு வந்துவிடும்.

துவாஸ்_தம்பி
அண்ணே, மணிக்கட்டைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லித்தானே பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள்?

பழைய_ரைடர்
ஆமாம், கிளம்பும்போதும் மெதுவாக ஓட்டும்போதும் அதுதான் சரி. பிரேக்கைப் பிடிக்கும் அவசரத்தில் தெரியாமல் முறுக்கிவிடாமல் இருப்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள். நான் சொன்னது விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும். வெளியேறும் வழி நெருங்கியதும் பழைய பிடிக்கே வந்துவிடுங்கள்.

டெலிவரி_ஓட்டி
உள்ளங்கையால் அழுத்தினால் முறுக்கிக் கொடுக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று விற்கிறார்களே, கைப்பிடியில் மாட்டுவது. எனக்கு ரொம்ப உதவியது.

பழைய_ரைடர்
உங்களுக்குப் பழகியிருக்கும். பி தகடோடு இருப்பவருக்கு வேண்டாம். திருப்பத்திலோ, நிறுத்துமிடத்தில் வண்டியைத் தள்ளும்போதோ உள்ளங்கை அதில் பட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

பிசியோ_அக்கா
தம்பி, நான் மறுவாழ்வு சிகிச்சைத் துறையில் இருக்கிறேன், பைக்கும் ஓட்டுகிறேன். நீங்கள் சொல்லும் மூன்று விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு மணிக்கட்டின் உள்பக்கம் குறுகலான ஒரு வழியாகப் போகிறது. மணிக்கட்டு மடிந்தே இருந்தால் அது அழுந்தும், அதிர்வு சேர்ந்தால் சீக்கிரம் மரத்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் அது வேறு நரம்பு. உள்ளங்கையின் வெளி ஓரம் கைப்பிடியில் அழுந்துகிறது என்று அர்த்தம்.

இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரவில் மரத்துப்போய் விழிப்பு வந்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, கையில் இருக்கும் பொருள் நழுவினாலோ தள்ளிப்போடாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். அதையும் காட்ட வேண்டும். வலியோடு ஓட்டிப் பழக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவசரத்தில் பிரேக் பிடிக்க வேண்டியதும் அந்த வலது கைதான்.

கையுறை வாங்கினால் விரல் இடுக்கில் இறுக்காததாகப் பாருங்கள். உள்ளங்கையில் தடித்த தையல் இருந்தால் ஜெல் இருந்தும் பயனில்லை. தடித்த ஸ்பாஞ்ச் மாட்டினால் கைப்பிடி பருமனாகி, சிறிய கைக்குக் கூடுதல் பிடி தேவைப்படும்.

துவாஸ்_தம்பி
எல்லாருக்கும் நன்றி. கம்பெனி லீவர் மாட்டி, கீழ்நோக்கிச் சாய்த்து, கேபிளும் மாற்றிவிட்டேன். இடது கையில் வலி கிட்டத்தட்ட இல்லை. அக்கா சொன்னபடி கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன், சுருக்கென்று வலிக்கவில்லை. வலது கையும் பரவாயில்லை, ஆனால் பிஐஇயில் 90ஐத் தொடும்போது கைப்பிடி விர்ரென்று நடுங்குகிறது. சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்கு மாற்றிக் கைக்கு ஓய்வு கொடுக்கலாமா?

பழைய_ரைடர்
கொடுக்கலாம். பின்னால் வரும் வண்டி நின்றுவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு மாற்றுங்கள். அதுவரை முதல் கியரிலேயே இருங்கள். சோதனைச்சாவடி வரிசையிலும் இதேதான்: முன்னால் இடம் கொஞ்சம் சேரட்டும், பிறகு ஒரே தடவையாக நகருங்கள். அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் கைதான் தேயும்.

காக்கிபுக்கிட்_மெக்கானிக்
நடுக்கத்துக்கு: சின்ன இன்ஜின் அந்த வேகத்தில் நிறையச் சுற்றும், கொஞ்சம் அதிர்வு இருக்கத்தான் செய்யும். கைப்பிடியின் இரண்டு நுனியிலும் இரும்பு எடை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஒருமுறை விழுந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். எடை இல்லாவிட்டால் அதிர்வு நேராகக் கைக்கு வரும். இருந்தால் செயின் தளர்ச்சி, டயர் காற்று, இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்று வரிசையாகப் பாருங்கள். நுனியைப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த அளவு எடை வேண்டும் என்று சொல்கிறேன்.