செயற்கை உரோமத் துணியில் மேலங்கி தைப்பது எப்படி?

கேள்வி:
இடுப்பு வரை வரும் மேலங்கி ஒன்றைத் தைப்பதற்காக, நீண்ட உரோமம் கொண்ட அக்ரிலிக் துணி வாங்கியிருக்கிறேன். வீட்டுத் தையல் இயந்திரம் இந்தத் தடிமனைத் தாங்குமா, உரோமம் சிதையாமல் எப்படி வெட்டுவது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
தாராளமாகத் தாங்கும், வெட்டுவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். எல்லாத் துண்டுகளிலும் உரோமம் கீழ்நோக்கிப் படியும்படி வைத்து, துணியின் பின்புறத்தில் வடிவத்தை வரைந்து, கூரிய பிளேடின் நுனியால் அடித்துணியை மட்டும் கீறிப் பிரித்தால், முடிகள் முழு நீளத்தோடு விளிம்பைத் தாண்டி நிற்கும். கத்தரிக்கோலால் ஒரேயடியாக வெட்டினால் அவை மொட்டையாகிவிடும். துணியை இரண்டாக மடித்து வெட்டவும் கூடாது. ஒரு கையை வெட்டிய பின் வடிவத்தாளைத் திருப்பிப் போட்டு மறு கையை வெட்டுங்கள். உரோமத் தூசு மூக்கில் ஏறுமாதலால் முகக்கவசம் அவசியம்.

பதில் 2:
16 ஆம் எண் ஊசியும் 3.5 முதல் 4 மி.மீ. வரையிலான தையல் நீளமும் பொருந்தும். குண்டூசிகள் உரோமத்துக்குள் மறைந்துவிடுவதால் கிளிப்புகளே பாதுகாப்பானவை. முடிகளை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே தைத்து, தையலில் சிக்கியவற்றை நல்ல பக்கத்திலிருந்து ஊசியால் மெல்ல இழுத்துவிட்டால், இணைப்பு இருக்கும் இடமே தெரியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தையல்களை இஸ்திரி போட்டுப் படியவைக்கலாமா?

பதில் 1 எழுதியவர்:
வேண்டாம், அக்ரிலிக் இழை சூட்டில் உருகிச் சுருண்டுவிடும். தையலுக்கு அப்பாலுள்ள ஓரத்தில் உரோமத்தை ஒட்ட நறுக்கி, விரலால் பிரித்து, அடித்துணியோடு கையால் தைத்துவிடுங்கள். முன்பக்கத்தில் பொத்தான் துளை போடுவதைவிட, பெரிய கொக்கிகளை வைப்பதே ஏற்றது.